இரண்டு ஆள் சுமை

பின்கழுத்து வலி அவனுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. முப்பது வருடம் கிடங்கில் தலைச்சுமை தூக்கியவன். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் மண்டையோட்டுக்கு அடியில், கழுத்து வந்து சேரும் எலும்பில், கட்டி இருப்பது தெரிந்தது. பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருமாம்.

"லாட்டரில ஒரு நாளும் விழல. இது மட்டும் கரெக்டா விழுந்திருக்கு," என்றாள் மனைவி. சிரித்தாள். பிறகு அழுதாள்.

கத்தி வைத்து எடுத்தது பாதி. மீதி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் கட்டிக்குப் பதில் தண்டு வேகும் என்றார் டாக்டர். அதற்காகவே அவன் முகத்தின் அச்சில் வார்த்த வலை முகமூடியை மாட்டி, படுக்கையோடு இறுக்கிப் பூட்டினார்கள்.

பத்தாம் நாள் முகமூடிக்குள் உச்சந்தலையில் ஏதோ கனத்தது. பத்து கிலோ. எடை விஷயத்தில் அவன் கழுத்து பொய் சொன்னதில்லை. இறங்கியதும் 'அழுத்துது' என்று மட்டும் சொன்னான்.

"மாத்திரைல முகம் ஊதும்ணே. அதான் இறுக்குது," என்றாள் மெஷின்காரப் பெண்.

இறுக்கம் முகத்தில், கனம் உச்சியில். அதற்கு மேல் வாயைத் திறந்தால் புது முகமூடி, புது அளவு, ஒரு வாரம் வீண். அந்த ஒரு வாரம் கட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? கனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மறுநாள் இருபது. அதற்கும் மறுநாள் முப்பது.

இருபத்திநாலாம் நாள்.

"உள்ள நீங்க மட்டும்தான்ணே. முடியலன்னா பந்த அமுக்குங்க," என்று ரப்பர் பந்தைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

தடித்த கதவு மூடிக்கொண்டது. மெஷினின் கை முனகிக்கொண்டே தலையைச் சுற்றி வர, மூடிய இமைக்குள் நீல வெளிச்சம் கசிந்தது, மூக்கில் பிளீச்சிங் பவுடர் நெடி ஏறியது. இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் அதற்கும் அடியில் நனைந்த சாக்கு வாடை. வியர்வை. யாரோ மூச்சுவிடும் சூடு.

நூற்றைம்பது கிலோ.

ஒற்றை ஆள் சுமையல்ல. மறுமுனையை யாரோ பிடித்திருக்கிறார்கள்.

இதே கனமுள்ள ஒரு பெட்டியைத்தான் பல வருடம் முன்பு கிடங்கில் கூட்டாளியோடு படியேற்றினான். விடுகிறவன் முதலில் குரல் கொடுக்க வேண்டும். கிடங்கில் அதுதான் சட்டம். மேல்படியில் இருந்த இவன் கை வழுக்கியது. குரல் வரவில்லை. கீழே கூட்டாளியின் கழுத்து முறிந்த சத்தம்தான் வந்தது. 'அவன்தான் விட்டான்' என்று முதலாளியிடம் சொன்னது இவன்.

பந்தை அமுக்கினான்.

அமுங்கவில்லை.

பந்தைச் சுற்றி வேறு விரல்கள். காய்ப்பேறிய விரல்கள்.

"சூப்பர்ணே! அசையவே இல்ல," என்றது ஸ்பீக்கர். "இன்னும் ஒரே நிமிஷம்."

கனம் லேசாக உயர்ந்தது. இறக்குவதற்கு முன் தூக்குவதுபோல். காதோரம் அந்தக் குரல், முறைப்படி, நிதானமாக:

"விடறேன்டா, மாப்ள."

கூட்டாளிக்கு அவன் ஒரு கழுத்து பாக்கி.