தமிழ்மாறன் என்ற பயனர்

உறையைக் கிழித்துச் சற்றுமுன்தான் பொருத்திய புது ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி இருப்பதாகத் திரை சொன்னது.

சுஃபியா கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். அதேதான். இருப்பதைச் சரிசெய்யவா, அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா என்று கேட்டது. அதுவரை வந்த கோளாறுகள் எல்லாம் அவளுக்குப் பழகியவை. முதலில் டிஸ்கே இல்லை என்றது; பயாஸுக்குள் போய் அதைப் பழைய முறைக்கு மாற்றியதும் கண்டுகொண்டது. பிறகு நீலத் திரை விழுந்தது. இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றியதும் அடங்கியது. புது கம்ப்யூட்டரில் இத்தனை பழைய எக்ஸ்பியை ஏற்றுவதென்றால் இந்த மல்லுக்கட்டு உண்டுதான். ஆனால் காலி டிஸ்கில் யாரோ குடியிருப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அழித்தாள். அழிந்ததாகத் திரை சொன்னது; கோப்புகள் நகலாகத் தொடங்கின.

ஒத்தக்கடை தாண்டி, யானைமலையின் முதுகுப் பக்கம் தனியாக நின்ற கல் அறுக்கும் கொட்டகை அது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியிருக்கவில்லை. மூலையில் கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள் அவள் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளைவிட உயரமான வட்ட வாளும், அதற்கடியில் கல்லைச் சுமந்து நகரும் இரும்பு மேடையும் இருந்தன. அந்த வாளை ஓட்டும் நிரல் எக்ஸ்பியில் மட்டுமே வேலை செய்யும். அதனால்தான் டவுனிலிருந்து அவளை வரவழைத்திருந்தார் முதலாளி ராஜபாண்டி. மழை கட்டிய மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே காற்று அசையவில்லை. ஈரக் கல்தூளும் கிரீஸும் கலந்த வாசனைக்கு அடியில், பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த இன்னொரு வாசனை மெல்லக் கசிந்து வந்தது. வாப்பாவின் கறிக்கடையில், கழுவிவிட்ட பிறகும் வெட்டுக்கட்டையில் தங்கிவிடும் வாசனை.

"இன்னும் எம்புட்டு நேரம்மா?" என்றார் ராஜபாண்டி, வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"பழசு அடம்பிடிக்குதுண்ணே. இருட்டுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்தது. யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை மட்டும் தாங்கியது.

"போச்சு. வாளை ஓட்டிப் பாக்க முடியாது."

"ஏத்துறத ஏத்திருவோம்ணே. வாளுக்குப் போற வயரையே இன்னும் மாட்டல."

பயனர் பெயர் கேட்கும் பக்கம் வந்தது. ராஜபாண்டி என்று ஆங்கிலத்தில் அடிக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். கட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. தமிழ்மாறன். அழித்தாள். வந்தது. ஒவ்வொரு எழுத்தாக, யாரோ ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவதுபோல நிதானமாக வந்தது. கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள். எழுத்துகள் நிற்கவில்லை. பெயர் முழுசானதும் பக்கம் தானாக மாறியது.

"அண்ணே... தமிழ்மாறன்னா யாருண்ணே?"

நாற்காலி சரிந்து விழும் சத்தம். ஷட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம். ராஜபாண்டி பூட்டைப் பூட்டி, சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பினார். சுவரில் சாய்ந்திருந்த சம்மட்டியை வழியில் எடுத்துக்கொண்டார்.

"எவன் சொன்னான் ஒனக்கு?"

"யாரும் சொல்லலண்ணே! இதுல வருது, நீங்களே பாருங்க!"

அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடித் தடுப்பில் மோதினார். கண்ணாடி விரிசல் விட்டது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ஆக்சிடென்ட்டுன்னு முடிஞ்சு போன கத. வாளுக்கு அடியில படுத்து போல்ட்டு முடுக்கிக்கிட்டிருந்தான். என்னைய எதுத்துப் பேசுனான். சுவிட்ச போட்டேன். ஒரு பய பாக்கல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது. என்னைய விட்ருங்க, வீட்டுக்குப் போறேன்..."

சம்மட்டி இறங்கியது. மேசையில் ஊன்றியிருந்த அவளுடைய இடது கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கியதை அவள் முதலில் கேட்டாள். வலி பிறகுதான் வந்தது. கீழே சுருண்டாள். சம்மட்டி மறுபடி உயர்ந்தது.

திரை அணைந்தது. எரிந்தது.

தன்னோடு இணைந்த கருவிகளை எக்ஸ்பி தேடிக் கண்டுபிடிக்கும் கட்டம் அது. அப்போது திரை அணைந்து எரிவது வழக்கம்தான். ஆனால் அது அணையும் ஒவ்வொரு தடவையும் வெளியே எதுவோ கரகரவென்று திரும்பியது.

ராஜபாண்டியும் கேட்டார். சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

வாள்.

மெல்லச் சுற்றியது. கரண்ட் இல்லை. வயர் மாட்டவில்லை. குழாயிலிருந்து வாளின் மேல் தண்ணீர் பீய்ச்சியது.

"எவன்டா அங்க?"

அவர் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினார். வாளுக்கான மெயின் சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது. அதைப் பிடித்து ஆட்டினார். மேடை அவருக்குப் பின்னாலிருந்து வந்து முழங்காலை இடித்தது. மல்லாந்து அதன்மேல் விழுந்தார். எழப் பார்த்தார். தோளை யாரோ அழுத்தியதுபோல மறுபடி படுத்தார். யாரும் இல்லை.

மேடை நகர்ந்தது.

"மாறா! டேய் மாறா! வேணாம்டா!"

வாள் இறங்கியது. கல்லை அறுக்கும் கூச்சல் வரவில்லை. மெத்தென்ற சத்தம். பிறகு எலும்பில் ஏறும் சத்தம். தண்ணீர் சிவந்து கண்ணாடியெங்கும் அடித்தது. சுஃபியா யுபிஎஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். திரை செத்தது.

வாள் நிற்கவில்லை.

அறுத்து முடித்த பிறகுதான் நின்றது. மேலே எழுந்தது. ஒரு கல்பலகையின் கனம் அளவுக்குத் தள்ளிப் போய் நின்றது. அடுத்த வெட்டுக்கான இடம்.

அவள் ஷட்டருக்கு ஓடினாள். ஒற்றைக் கையால் அடித்தாள். கத்தினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேசையிலிருந்து விழுந்த அவளுடைய போன் கண்ணாடி அறைக்குள், அவர் போட்ட சம்மட்டிக்கு அடியில் சிதறிக் கிடந்தது.

சாவி அவர் மடியில் இருந்தது.

தொடைக்கு மேலே இரண்டாகக் கிடந்தார். கண்கள் கூரையைப் பார்த்து அசையாமல் இருந்தன. வாள் தலைக்கு மேல் அசைவற்று, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது.

யா அல்லாஹ்.

குனிந்தாள். நல்ல கையை வாளுக்குக் கீழே நீட்டினாள். வேட்டி மடிப்பு. வெதுவெதுப்பு. ஈரம். உலோகம். சாவி.

அவள் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பற்றியது.

ராஜபாண்டியின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது.

"தங்கச்சி... தூக்கி விடும்மா."

இழுத்தாள். விடவில்லை. அவருடைய இன்னொரு கையும் வந்து பற்றியது.

தண்ணீர் பீய்ச்சத் தொடங்கியது. அவளுடைய கைக்கு நேர் மேலே வாள் சுற்றி, வேகம் பிடித்து, மெல்ல இறங்கியது.