சக்கரத்தில் ஒரு மஞ்சள் கோடு

“சம்மர் டயர்தான்! முடிவு பண்ணியாச்சு!”

“யாரு பண்ணது? காரு என் பேர்ல… முடிவு மட்டும் உங்க பேர்லயா?”

“இது ஸ்போர்ட்ஸ் காருடி! முந்நூறு குதிரை சக்தி! இதுக்குப் போய் ஆல்-சீசனா? பந்தயக் குதிரைக்கு ரப்பர் செருப்பு மாட்டற மாதிரி…”

“அந்தக் குதிரையில தினமும் கிளினிக் போறவ நான்! மழையில போறவ நான்! விறைக்கிற குளிர்ல போறவ நான்! நீங்க கண்ணாடியைத் துடைச்சு அதுல தலை சீவறதோட சரி!”

டயர்க்கடையின் கவுன்ட்டர் அதிர்ந்தது.

அதற்குப் பின்னால் நின்ற கடைக்கார அக்கா அதிரவில்லை. இருபத்திரண்டு வருடமாக டயர் விற்கிறாள். டயர் வாங்க வருகிற தம்பதிகளைப் பார்த்துப் பார்த்தே கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தவள்.

குதிரைக்குச் சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். எதிரில் உட்காருபவர் யாரானாலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள். வாயை மூடச் சொல்ல வேண்டிய ஆள் வீட்டிலேயே இருந்தான்.

கணவன்!

வேலை…? கார் வீடியோக்கள் பார்ப்பது. தினமும் எட்டு மணி நேரம், ஞாயிறு உட்பட. கடையில் அவனுக்கு வைத்திருந்த பெயர், வீடியோ விஞ்ஞானி.

“அக்கா, நீங்களே சொல்லுங்க” என்றாள் டாக்டர்.

“சம்மர் டயர் வெயில்ல புலிதான் டாக்டரம்மா. ஆனா குளிர் வந்தா ரப்பர் மரக்கட்டையா இறுகிடும். வருஷம் பூரா ஒரே செட்டுதான் ஓடணும்னா…” அக்கா ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். “இது. பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன். வளைவுல சம்மர் டயரை விட ஒரு பிடி குறைச்சல்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வெயில், மழை, குளிர்… எதுலயும் கைவிடாது.”

“புருஷன்ல இந்த மாடல் வருதா அக்கா?”

“ஸ்டாக் வந்ததே இல்லம்மா.”

விஞ்ஞானி குனிந்தான். டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி.

“இது என்ன?”

“சுத்தற திசை சார். இந்தப் பள்ளமெல்லாம் மழைத் தண்ணியை வெளிய தள்ளணும். இடது சக்கரத்தை வலது பக்கம் மாத்தி மாட்டிட்டா அம்பு பின்னால பாக்கும். தண்ணி வெளிய போகாம அடியிலேயே சேரும். கொட்டற மழையில வேகமா போனா காரு ரோட்டுல ஓடாது… மிதக்கும்.”

“ஓஹோ…”

எதற்கும் இரண்டு மணி நேரம் பேசக்கூடியவன் ஒரே ஒரு ‘ஓஹோ’வோடு நிறுத்தினான்.

அப்போதே யாராவது போலீசைக் கூப்பிட்டிருக்க வேண்டும்!

“சரி… ஆல்-சீசனே போடுங்க” என்றான்.

டாக்டர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் இல்லையே!”

“உன் சந்தோஷம்தான் எனக்கு முக்கியம்.”

“வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பாசம் எப்படிப் பொங்குது பாருங்க அக்கா! மூணு மாசத்துல விவாகரத்து. வீடு எனக்கு, காரு எனக்கு. அந்தச் சந்தோஷத்தை மட்டும் இவரே வெச்சுக்கட்டும்.”

நான்கு டயர்களும் ஏறின. அம்பு முன்னால் பார்க்க, அக்கா தன் கையாலேயே மாட்டினாள். பக்கத்தில் ஒரு பழைய வேன் நின்றிருந்தது. விஞ்ஞானி அதன் சக்கரத்தைக் காட்டினான்.

“நட்டு மேல என்ன மஞ்சக் கோடு?”

“நட்டையும் சக்கரத்தையும் சேத்து பெயின்ட்ல இழுக்கற கோடு சார். எங்க கடை வழக்கம். யாராவது நட்டைத் தொட்டா கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும். அதை நாங்க எப்ப போடுவோம்னா…”

ட்ரிங்… ட்ரிங்…!

அக்கா போனை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது விஞ்ஞானி காருக்குள் உட்கார்ந்து, கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டிருந்தான்.

“நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறக்காம ஒருதடவை வாங்க டாக்டரம்மா” என்றாள், வெளியே நின்றவளிடம்.

“வர்றேன் அக்கா.”

வரவில்லை.

ஆறாம் நாள் காலை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

ட்ரிங்…!

“டயர்க்கடையா? இன்ஸ்பெக்டர் பேசறேன். நீங்க டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் காரு வளைவுல வழுக்கிக் கவுந்துடுச்சு. டாக்டர் ஐ.சி.யூ.ல நினைவில்லாம கிடக்காங்க. உடனே ஸ்டேஷனுக்கு வாங்க. கடை நோட்டையும் எடுத்துட்டு வாங்க.”

ஸ்டேஷன் பின்புறம், தகரக் கூரைக்கு அடியில் கிடந்தது குதிரை. முகம் நசுங்கி, கூரை அமுங்கி…! அதன் பக்கத்தில் விஞ்ஞானி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கைக்குட்டை மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அம்பு எந்தப் பக்கம் பாக்குது, நீங்களே சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா குனிந்தாள். நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தாள்.

“பின்னால…”

“எத்தனை சக்கரத்துல?”

“நாலுலயும்… சார், நான் சரியாத்தான் மாட்டினேன்!”

“இருபத்திரண்டு வருஷ அனுபவமாம்!” விஞ்ஞானி அலறினான். “என் பொண்டாட்டியைக் கொன்னுட்டியே!”

“அவங்க இன்னும் உயிரோடதான் இருக்காங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆமா… ஆமா. அந்த நம்பிக்கையிலதான் சார் நானும் நிக்கிறேன்.”

இன்ஸ்பெக்டர் அக்காவிடம் திரும்பினார். “கடைக்கு சீல் வைக்கப் போறோம். உங்க மேல கேஸ். வீட்டுக்குச் சொல்லணும்னா இப்பவே சொல்லிக்கங்க.”

“சார்! நடுவுல யாரோ சக்கரத்தைக் கழட்டி மாத்தியிருக்காங்க!”

“யாரு? யாரு கழட்டினது?” விஞ்ஞானி பாய்ந்து வந்தான். “உங்க கடைக்கு அப்புறம் அந்தச் சக்கரத்தை ஒரு ஈ காக்கா தொடலை. எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கேன்! இன்ஸ்பெக்டர், இங்க வாங்க… இந்த நட்டைப் பாருங்க! மஞ்சக் கோடு! இவங்க கடை முத்திரை! தொட்டா விலகும்னு இவங்க வாயாலேயே சொன்னாங்க. ஒரு கோடாவது விலகியிருக்கா?”

அக்கா மறுபடி குனிந்தாள்.

இருபது நட்டுகள். இருபது மஞ்சள் கோடுகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. இவ்வளவு அழகாக அவளே போட்டதில்லை.

அக்கா சிரித்தாள்!

முதலில் மெதுவாக… பிறகு தகரக் கூரை மழையை மீறி!

“ஏம்மா, புத்தி கலங்கிடுச்சா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார்… டாக்டரம்மா திரும்பி வரவே இல்லியே!”

“அதுக்கு?”

“சக்கரம் மாட்டின அன்னிக்கு நாங்க கோடு போடறதே இல்ல சார். நூறு கிலோமீட்டர் ஓடினா நட்டு கொஞ்சம் தளர்ந்து உட்காரும். அவங்க திரும்பி வரணும். நான் மறுபடி முறுக்கிப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் கோடு. இந்தாங்க, நோட்டைப் பாருங்க. இரண்டாம் தடவை வந்த தேதி… காலி!”

“அப்படின்னா இந்தக் காருல…”

“கோடே இருக்கக் கூடாது சார்!”

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். விஞ்ஞானியைப் பார்த்தார்.

“ஈ காக்கா தொடலைன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்?”

“அது… அவளே வேற ஏதாவது கடைக்குப் போய்…”

“வேற கடைக்காரன் எதுக்கு இவங்க கடைக் கோட்டைப் போடறான்?”

விஞ்ஞானியின் வலது கை தானாகவே பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தானே வெளியே இழுத்தார்.

கட்டைவிரல் நக இடுக்கில்… மஞ்சள்!

“எட்டு மணி நேரம் வீடியோ பாக்கறீங்களே சார்” என்றாள் அக்கா. “கை கழுவறது எப்படின்னு ஒண்ணு பாத்திருக்கக் கூடாதா?”

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

ட்ரிங்…!

இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்தார். முகம் மலர்ந்தது. நாலு வரியில் நடந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு விஞ்ஞானியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“டாக்டர் கண் முழிச்சுட்டாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்.”

“நீ… நீ பொழச்சுட்டியா…?”

போனில் டாக்டரின் குரல் மெலிந்திருந்தது. நக்கலுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

“ரொம்ப வருத்தப்படாதீங்க… இனிமே வெயில், மழை, குளிர் எல்லாத்துக்கும் உங்களுக்கு ஒரே ரூம்தானாம். இப்பவாவது ஒத்துக்கறீங்களா… ஆல்-சீசன்தான் சரின்னு?”