கை சும்மா இருக்காது

மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வார்னிஷ் வாசனை அடித்தது. அப்பா போய் மாதக்கணக்காகிறது, இன்னும் எங்கிருந்து வார்னிஷ்? என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். அவள் வந்தது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக. போன வருஷம் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். கைத்தடி இல்லாமல் அடியெடுத்து வைக்க முடியாதவளை எப்படித் தனியாக விட்டுவைப்பது?

"நான் வரலைடி. அவருக்கு இங்க வேலையெல்லாம் பாதியில கிடக்கு" என்றாள் அம்மா.

"அப்பா போய்ச் சேர்ந்தாச்சும்மா."

"சத்தமா சொல்லாத."

அந்த மனுஷருக்கு இல்லாத பொழுதுபோக்கே கிடையாது. மீன் வளர்ப்பார், புல்லாங்குழல் ஊதுவார், போட்டோ எடுப்பார், மரத்தை இழைத்துப் பறவைக்கூடு செய்வார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்போதும் மடியில் ஒரு ரேடியோ பிரிந்து கிடக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களைச் செய்தித்தாள் விரித்து, சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவார். தெருவே அவரைத் 'திருப்புளி' என்றுதான் கூப்பிட்டது. அம்மாவின் எக்ஸ்ரேயைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கோணலா முடுக்கி வச்சிருக்கான் பாரு! என்கிட்ட விட்டிருந்தா..." என்று அலுத்துக்கொண்டார். அந்த வலியிலும் அம்மா சிரித்தாள்.

பாதியில் கிடக்கும் வேலைதானே அம்மாவுக்குச் சாக்கு? மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பழைய சாமான்காரரை வரவழைத்து, அப்பாவின் அறையில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

எழுந்து வந்த அம்மா வெறும் அறையைப் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணின? கை சும்மா இருந்தா உங்கப்பா என்ன பண்ணுவார்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

உள்ளே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

நின்றது.

மறுபடியும், இன்னும் கிட்டத்தில்.

சமையலறைக் கதவு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே செய்தித்தாள் விரிந்திருந்தது. அதன்மேல் கீல் ஸ்க்ரூக்கள், சின்னதிலிருந்து பெரியது வரை.

மகள் பாய்ந்து கார் சாவியை எடுத்தாள். "வாம்மா, போயிடலாம்!" என்று அம்மாவைத் தோளில் சாய்த்து, பாதி நடத்தி, பாதி தூக்கிக் காரில் உட்கார வைத்தாள். கைத்தடி வீட்டிலேயே கிடந்தது. அதை எடுக்க அவள் திரும்பிப் போகவில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், பிடித்தது. ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அப்பா அந்த வீட்டை விட்டு வரமாட்டார் இல்லம்மா?"

"என்னை விட்டுட்டு அவர் எங்கடி இருந்திருக்கார்?"

பின்சீட்டில் காகிதம் சரசரத்தது.

வார்னிஷ் வாசனை.

அம்மா திடீரென்று நிமிர்ந்தாள். எத்தனையோ நாளாகச் சுருங்கியே கிடந்த அந்த முகம் மலர்ந்திருந்தது.

"வலியே தெரியலைடி" என்று கிசுகிசுத்தாள். "கால் ரொம்ப லேசா இருக்கு."

மகள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். சீட்டின்மேல் செய்தித்தாள் விரிந்திருந்தது. அதில் ஈரத்தோடு மினுங்கிக்கொண்டு சில ஸ்க்ரூக்கள், சின்னதிலிருந்து பெரியது வரை. எக்ஸ்ரேயில் பார்த்த அதே ஸ்க்ரூக்கள்.

வரிசையின் கடைசியில், எல்லாவற்றிலும் பெரியதற்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

'கிர்ர்ர்.'

சத்தம் அம்மாவின் தொடைக்குள்ளிருந்து வந்தது.