மணமில்லாத விதை

அடுப்படிக் கூரை வளையில் தொங்கிய விதை வெங்காயப் பிடிகளுக்கு அன்று காலை மணமில்லை. புகையும் வெங்காயக் காரமும் கண்ணைக் கரிக்கிற அந்த அடுப்படியில், ஓலையில் மழை சொட்டுகிற சத்தத்துக்குள்ளே நின்று, தம்பிராசா ஒரு பிடியை மூக்கோடு சேர்த்து இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரை மணப்பது போல இருந்தது.

தோல் மட்டும் மினுங்கியது. போன போகமும் அப்படித்தான் மினுங்கியது.

பொருளாதாரத் தடையால் உடுப்பிட்டிக்குப் பயிர் மருந்துப் போத்தல் ஒன்றும் வராத தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. போன போகத்தில் அவருடைய மேற்குப் பாத்தியில் இலைகள் சுருண்டபோது விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்து பார்த்தார்.

"இந்தப் பங்கசு, பூஞ்சணம், உடனை கொல்லாது, அண்ணை. உள்ளுக்கை போய்ச் சத்தமில்லாமல் இருக்கும். தன்னை ஒண்டு தின்னுது எண்டு செடிக்கே தெரியவிடாது."

எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். தம்பிராசா எரிக்கவில்லை. அந்தப் பாத்தி விதையைப் பக்கத்துக் காணி செல்வநாயகிக்குக் கொடுத்தார். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டார். கைராசிக்காரர் என்று அவள் கூப்பிட, முதல் வெங்காயத்தைத் தன் விரலாலேயே ஊன்றியும் கொடுத்தார். கிழங்கு வைக்கும்வரை பச்சையாய் நின்ற பயிர் ஒரு கிழமையில் படுத்துவிட்டது. அவள் தன் விதியைத்தான் நொந்தாள்.

இன்றைக்கும் விதைக்கு வருகிறாள். இதுவும் அழிந்தால் காணியை விட்டுப் போவதைத் தவிர அவளுக்கு வழியில்லை. இந்த முறை சொல்லிவிட வேண்டும்.

ஒரு வெங்காயத்தை வெட்டினார். அடுக்குக்கு அடுக்கு, மயிரிலும் மெல்லிய சாம்பல் நூல்கள். வெளிச்சம் பட்டதும் உள்ளே ஒதுங்கின.

கத்தி வழுக்கியது. ஊன்றிய அதே விரல்.

வலிக்கவில்லை.

இரத்தமும் இல்லை. வெட்டுக்குள்ளே சாம்பல் நூல்கள். அவையும் ஒதுங்கின.

"அண்ணை." அடுப்படி வாசலில் செல்வநாயகி, ஓலைக் கடகத்தோடு. "ஏன் கையைப் பின்னாலை ஒளிக்கிறியள்? நான் களவெடுத்துக்கொண்டு போயிடுவன் எண்டோ?"

அவர் வாயைத் திறந்தார். விதை கெட்டது என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கே ஏதோ மெதுவாய், நூல் போல, அதைப் பின்னுக்கு இழுத்தது.

"நல்ல விதை, தங்கச்சி," என்றது அவருடைய குரல். "பயப்பிடாதை."

மழை விட்டிருந்தது. அவள் கூப்பிட, முதல் வெங்காயத்தை ஊன்ற அவளுடைய பாத்தியில் குந்தினார். விரல் தானாக மண்ணுக்குள் போனது. எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அவருக்குள்ளிருந்து ஏதோ மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இதமாய்.

எதிரே அவளுடைய வெறுங்கால்கள், சேற்றில். பெருவிரல் நகத்தடியில் ஒரு சாம்பல் நூல் நுழைந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொன்று.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள்.