அட்டையில் எழுதிய பெயர்

வெளியே வருகிறவர்களுக்கான கண்ணாடிக் கதவு யாருமே இல்லாமல் திறந்தது. பயணி யாரும் பக்கத்தில் இல்லை, தரை துடைக்கிற பெண்கூட வாளியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தாள், ஆனாலும் கதவு சர்ரென்று விலகி, ஓர் ஆள் நிதானமாக நடந்து வரும் நேரம்வரை அப்படியே நின்று, பிறகு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து வந்த குளிர்காற்றில் வெயிலில் வெந்த மண்ணின் வாசனை இருந்தது. வெளியே இரண்டு நாளாக அடைமழை. டெல்மி மூக்கைச் சுளித்துக்கொண்டு கையிலிருந்த அட்டையை நேராகப் பிடித்தாள்.

டெல்மியின் பிழைப்பு இதுதான். தலைநகர் தெகுசிகல்பாவுக்கு வியாபாரமாக வருகிற வெளிநாட்டுக்காரர்களைப் பால்மெரோலா விமான நிலையத்தில் ஏற்றி, மேலே ஒரு கீறல் படாமல் வேலையை முடிக்கவைத்து, திரும்ப விமானம் ஏற்றிவிட வேண்டும். எந்தப் பாதை, எந்த ஓட்டல், எந்த மாடியில் அறை, ராத்திரிச் சாப்பாடு எங்கே, எல்லாம் அவள் போடுகிற திட்டம்தான். குண்டு துளைக்காத வண்டியையும் அவளே ஓட்டுவாள். இந்தத் தொழிலில் அட்டை சின்ன விஷயமில்லை. வருகிறவரின் உண்மைப் பெயரை எழுதிவிட்டால், ஆள்கடத்தல்காரன் அதைப் பார்த்து இன்னொரு அட்டையில் எழுதிக்கொண்டு நாலடி முன்னால் போய் நின்றுவிடுவான். அதனால் அட்டையில் எப்போதும் பொய்ப் பெயர். முந்தின நாளே அதை விருந்தாளிக்குச் சொல்லிவிடுவாள். அவர் வாயே திறக்காமல் வந்து அட்டையின் முன் நிற்பார். "மழை எப்படி?" என்று இவள் கேட்பாள். "எங்க ஊர்ல எப்பவும் மழைதான்" என்று பதில் வந்தால் ஆள் சரி. அதற்குமேல் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது, பேசாமல் வண்டி.

பொய்ப் பெயர் யாருடையதாகவும் இருக்கக் கூடாது என்பது அவளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். நேற்று சாயங்காலம் அவளுக்கே அது மறந்துபோனது. வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தாள், காப்பிக்கொட்டை வாங்க வருகிற ஜெர்மன்காரருக்கு உடனே ஒரு பெயர் அனுப்பியாக வேண்டும், மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. எதிரே விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மழையில் ஊறிய படம், ஒட்ட வெட்டிய முடியோடு சிரிக்கிற ஒரு பையன், 'காணவில்லை', கீழே எவேலியோ முரில்யோ. டக்கென்று அதையே தட்டி அனுப்பிவிட்டாள். அந்த நோட்டீஸை ஒட்டியவள் கம்பத்தடியில் கூடையோடு உட்கார்ந்து சோள வறுவலும் காப்பியும் விற்கிற எர்லிந்தா என்பது அவளுக்குத் தெரியும். தினம் அவளிடம்தான் காப்பி குடிக்கிறாள். கிழவிக்குப் படிக்கத் தெரியாது, உள்ளே விடவும் மாட்டார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

"பொண்ணே."

டெல்மி திரும்பினாள். எர்லிந்தா நின்றிருந்தாள். கையில் கூடை இல்லாததால் காவலாளி தடுக்கவில்லை போலும். நனைந்த தலையோடு, மூச்சு வாங்க, கண்ணை அட்டையிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தாள்.

"டாக்ஸிக்காரன் சொன்னான். உன் மவன் பேரை எழுதிப் பிடிச்சுக்கிட்டு உள்ள ஒருத்தி நிக்கிறான்னு. கேலி பண்றானாக்கும்னு நினைச்சேன்." அவள் விரல் அட்டையைத் தொட்டது. "எனக்கு எழுத்து தெரியாது, ஆனா இது தெரியும். எத்தனை கம்பத்துல ஒட்டியிருக்கேன். இது அவன்தான்."

டெல்மிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. 'இது சும்மா எழுதினது அம்மா, தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் சொன்னால் கிழவி இங்கேயே மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், கூட்டம் கூடும், அத்தனை பேர் கண்ணும் ஜெர்மன்காரர் மேல் விழும். தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"ஆமாம்மா," என்றாள். "வரார். கூட்டம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நீங்க வீட்டுக்குப் போங்க. நானே கொண்டுவந்து விடறேன்."

"நெசமாவா?"

"நெசமா."

எர்லிந்தா அவள் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். உதடு காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. "சுங்கச்சாவடி தாண்டி முதல் வளைவு. நீல வீடு. அவனுக்கே தெரியும், காட்டுவான். பாவிப்பய, வேலை தேடி வடக்கே போறேன்னு போனவன் பாலைவனத்தைத் தாண்டுறப்ப ஒரு போன் போட்டானே, 'தாகமா இருக்கும்மா'ன்னு, அதோட சரி. நான் போய் எதாவது ஆக்கி வைக்கிறேன்." பேருந்தைப் பிடிக்கக் குடுகுடுவென்று ஓடினாள். அவள் முத்தமிட்ட இடத்தை டெல்மி பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்ததற்காக இன்னும் கூசியது.

கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை ஆள் வந்தது. நெற்றியை மறைக்கும் தொப்பி, தோளில் ஒரு சின்னப் பை, வேறு மூட்டை முடிச்சு இல்லை. நேராக வந்து அட்டையின் முன் நின்றது. தலை குனிந்தே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எர்லிந்தா பேருந்தின் படியில் நின்றுகொண்டு இந்தப் பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்துவிட்டால் திரும்பி ஓடி வருவாள். டெல்மிக்குக் காது மடல் எரிந்தது. மழையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. "வாங்க," என்று சொல்லி, பக்கவாட்டு வழியாக வண்டிக்கு நடந்தாள். எத்தனையோ வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் யாரையும் ஏற்றியதில்லை.

யாரும் பின்தொடராமல் இருக்க வழக்கம்போல அரைமணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் மலைப்பாதையைப் பிடித்தாள். சாலை மலையேறத் தொடங்கியபோது வெளிச்சம் சாம்பலாகி, பைன் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கி, கண்ணாடி துடைப்பான் ஒரே தாளத்தில் தேய்த்துக்கொண்டிருக்க, தடித்த கண்ணாடிக்கு அப்பால் லாரிகள் சத்தமில்லாமல் கடந்துபோயின. இந்த வண்டிக்குள் வெளிச்சத்தம் வராது. அதனால்தான் பின்னால் கேட்ட சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. விருந்தாளிக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை அவர் திறந்தார். மடக். மடக். மடக். நிறுத்தி மூச்சு விடுகிற சத்தமே இல்லை. ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று. அதுவும் முடிந்து இன்னொன்று.

"ரொம்ப தாகமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இன்னொரு மூடி திறக்கிற சத்தம். மொழி புரியவில்லை போலிருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த மண் வாசனை இப்போது வண்டிக்குள் இருந்தது. கல்லைச் சுட்டு மூக்கருகே வைத்ததுபோல. குளிர்சாதனத்தைக் கூட்டினாள், வாசனை போகவில்லை. கால் மாற்றும்போது செருப்புக்கடியில் நறநறவென்று ஏதோ அரைபட்டது. மணல்.

போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து ரிகோ. அவன் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"என்ன மகாராணி, எங்க இருக்கே? காப்பிக்கடைதான் கதியா?"

"ரோட்ல இருக்கேன். ஆளை ஏத்தியாச்சு."

"எந்த ஆளை?" ரிகோ சிரித்தான். "ஜெர்மன்காரர் இங்க லைன்ல கத்திக்கிட்டு இருக்காரு. பெட்டி லேட்டா வந்துச்சாம், இப்பதான் வெளிய வந்திருக்காரு. அட்டையும் இல்ல, நீயும் இல்லங்கிறாரு." சிரிப்பு நின்றது. "டெல்மி? நீ யாரை ஏத்தியிருக்கே?"

பின்னால் விழுங்குகிற சத்தமும் நின்றது.

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, தொப்பி நிமிர்ந்திருக்கிறது. சாலையின் வெள்ளைக் கோடு ஒன்றன்பின் ஒன்றாக வண்டிக்கடியில் போய்க்கொண்டிருந்தது. கடத்தல்காரனாக இருந்தால் இந்நேரம் துப்பாக்கி கழுத்தில் இருக்கும். இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அதற்கு அவளிடம் திட்டம் இருந்தது.

"மழை எப்படி?" என்று கேட்டாள். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். காய்ந்த சோளத் தோகையை உரித்தது போல. "மழையே இல்ல."

"டெல்மி! யாரது?" என்றான் ரிகோ. பிறகு மலை நடுவே வந்துவிட்டது. இணைப்பு போய்விட்டது.

"நீங்க யாரு?"

"கூப்பிட்டீங்களே," என்றது அது. "பேரு போட்டு. யாரும் கூப்பிடல. இத்தனை நாளா. நீங்கதான்." மூச்சில்லாத பேச்சு. "அம்மாகிட்ட விடறேன்னீங்க."

கண்ணாடியைப் பார்த்தாள். தொப்பிக்கடியில் இருட்டு. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் பளபளத்தது. குடித்த தண்ணீரெல்லாம் அங்கே வழிந்து, சட்டையை நனைத்து, இருக்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே தங்கவில்லை.

சுங்கச்சாவடி வந்தது, போனது. டெல்மிக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. நிறுத்தக் கூடாது. தலைநகர்வரை, அதற்கு அப்பாலும், பெட்ரோல் தீரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்கதவுகள் அவள் பூட்டைத் தட்டினால் ஒழியத் திறக்காது. என்னவாக இருந்தாலும் இது தன்னோடு போகட்டும், அந்தக் கிழவியின் வாசலுக்குப் போக வேண்டாம். தான் சொன்ன பொய்க்கு அவள் காத்துக்கொண்டு நின்றுவிட்டு, விடிந்ததும் வாயாரத் திட்டட்டும். திட்டு வாங்குவது எவ்வளவு நல்ல விஷயம் என்று இப்போதுதான் தெரிந்தது.

முதல் வளைவு.

நீல வீட்டின் எல்லா விளக்கும் எரிந்தது. எர்லிந்தா சாலை நடுவில் நின்றிருந்தாள். நல்ல துணி கட்டியிருந்தாள். இரண்டு கையையும் விரித்திருந்தாள்.

ரோட்டில் யார் குறுக்கே வந்தாலும் பிரேக் போடாதே. அதுவும் அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான்.

கால் தானாக அழுத்தியது.

வண்டி வழுக்கி, கிழவியின் பாவாடையைத் தொடுகிற மாதிரி நின்றது. எர்லிந்தா ஓடி வந்து பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். கறுப்புக் கண்ணாடி, அவளுக்கு உள்ளே எதுவும் தெரியாது. உள்ளேயிருந்து ஒரு கை எழுந்து அவள் கன்னம் இருந்த இடத்தில் பதிந்தது. ஐந்து விரலிலும் நகம் இல்லை.

டெல்மி தன் பக்கத்து ஜன்னலை இறக்கினாள். இரண்டு விரல் கனம்தான் இறங்கும்.

"அம்மா! போயிடுங்க!" அழுகை வந்துவிட்டது. "நான் பொய் சொன்னேன். உங்க நோட்டீஸ்ல இருந்து பேரைத் திருடினேன். உங்க பையன் வரலம்மா. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் வரான்னு சொல்லிட்டேன். என்னைச் செருப்பால அடிங்க. ஆனா வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துங்க!"

எர்லிந்தா இடுக்கு வழியாக அவளைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"என்ன பேசுற நீ?" என்றாள். "இந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"அது அவன் இல்லம்மா."

"பெத்தவளுக்குச் சொல்றியா?" எர்லிந்தாவின் குரல் உடைந்தது. "ஊரே சொல்லுது, செத்துப்போனான்னு. நீ ஒருத்திதான் வரான்னு சொன்னே. இப்ப நீயும் மாத்திப் பேசாத, பொண்ணே. உன் காலைப் பிடிக்கிறேன்." நடுரோட்டில், மழையில், அவள் நிஜமாகவே மண்டிபோட்டாள்.

அதைத்தான் டெல்மியால் தாங்க முடியவில்லை. பயத்தைத் தாங்கியிருப்பாள். தன் முன்னால் அவள் மண்டிபோட்டதைப் பார்க்க முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு, பூட்டைத் தட்டிவிட்டாள்.

கிளிக்.

கதவு திறந்தது. மழைச்சத்தம் உள்ளே வந்தது. பின்இருக்கை அமுங்கியது. கதவு மூடியது. மழைச்சத்தம் போய்விட்டது.

"என் ராசா. இப்படி வா. அம்மா மடியில சாஞ்சுக்க."

துணி சரசரத்தது. தொப்பி தரையில் விழுந்தது.

"தாகமாடா?"

பாட்டில்கள் எல்லாம் காலி. டெல்மிக்கு அது தெரியும்.

மடக்.

கண்ணாடியைப் பார்த்தாள். எர்லிந்தா குனிந்திருந்தாள், மடியில் கிடந்ததை மாரோடு அணைத்தபடி. ஒரு கை அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. தடவத் தடவ அந்தக் கையில் சதை வற்றியது. தோல் எலும்போடு ஒட்டியது. கை நிற்கவில்லை.

மடக். மடக்.

எர்லிந்தா நிமிர்ந்து கண்ணாடியில் டெல்மியைத் தேடிப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் குழியின் அடியில் கிடந்தது. உதடு பிளந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் அப்படி ஒரு நிறைவு.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே," என்றாள். காய்ந்த தோகை உரிகிற குரல். "நீ நல்லா இருக்கணும், பொண்ணே."