அழுக்காகாத கையுறைகள்

அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. பூட்டு கோல் கம்பத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் போரடிக்குதா?"

கம்பம் பதில் சொல்லவில்லை. ஆனாலும் மைதானத்தின் இந்த முனையில் பேச்சுத்துணைக்கு அதுதான் இருந்தது.

'பூட்டு' என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் பயிற்சியாளர். "நம்ம கோலுக்கு இவதான் பூட்டு. இந்த வருஷம் ஒரு பந்துகூட உள்ள போகல!" என்று எல்லாரிடமும் பெருமையடிப்பார். உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டை யாரும் வந்து தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

பயிற்சியாளர் பேருந்து நடத்துநர். பேருந்தில் கத்துகிற அதே வாய் மைதானத்துக்கும் வந்துவிடும். "முன்னாடி போ! நிக்காத, முன்னாடி போ!" பந்து கிடைத்தவர் யோசிக்கவே கூடாது. ஓங்கி முன்னால் உதைக்க வேண்டும். அங்கே கொக்கு நிற்பான். வயதுக்கு மீறிய உயரம். தலையால் முட்டினாலும் கோல், காலால் தட்டினாலும் கோல்.

கோல் விழுந்ததும் எல்லாரும் கொக்கைக் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள். இங்கிருந்து பார்த்தால் யார் வீட்டுக் கல்யாணமோ மாதிரி இருக்கும். பூட்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கட்டிப்பிடித்து முடித்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்தது. பூட்டு தனியாகக் குழாயடிக்குப் போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வெள்ளைக் கையுறைகளைக் கழற்றித் திட்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். விரலால் சேற்றை வழித்து அவற்றின்மேல் பூசினாள். யாரோ வரும் சத்தம் கேட்டது. சட்டென்று பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பா லாரியில் செங்கல் ஏற்றி இறக்குபவர். விடிவதற்கு முன்பே போய்விடுவார். இருட்டுவதற்குள் தூங்கிவிடுவார். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், ஆட்டம் நடந்த நாள் என்றால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"கிளவுஸைக் காட்டு, பாப்போம்."

பூட்டு நீட்டினாள். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ புறங்கையாலயா பந்து பிடிக்கிற?"

பூட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எனக்குக் கல்லு தூக்கி கிளவுஸ்ல உள்ளங்கைதான் தேயுது. உனக்கு அது மட்டும் சலவைக்குப் போட்டு வாங்கின மாதிரி இருக்கே!"

பூட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "பந்து வரவே மாட்டேங்குதுப்பா."

"ஜெயிச்சோம்னு சொன்னியே?"

"அவங்க ஜெயிச்சாங்க. நான் நின்னேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது. அவள் தலைமேல் கையை வைத்தார். வைத்தபடியே தூங்கிப்போனார். பூட்டு ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் கை விழுந்துவிடுமே.

அடுத்த வாரம் ஒரு புது அணி வந்தது. அதன் கோல்கீப்பர் சுண்டு ஒரு பொடியன். அவன் சட்டை முழங்காலைத் தொட்டது. இடைவேளைக்குள் ஆறு கோல் விழுந்துவிட்டது. சுண்டு வலைக்குள்ளேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். இனிமேல் ஆட மாட்டானாம்.

அவன் பக்கத்தில் யாருமே இல்லை. பூட்டு மைதானத்தை முழுசாகக் கடந்து அங்கே போனாள்.

"அழுவுறியா?"

"இல்லக்கா. கண்ணுல மண்ணு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

சுண்டு மூக்கை உறிஞ்சினான். "எல்லாப் பந்தும் என்னைத் தாண்டியே போகுது. எங்க ஆளுங்க யாரும் என்கூடப் பேசல."

"என்கூடவும் யாரும் பேசல. எனக்கு ஒரு பந்துகூட வரல."

பூட்டு அவன் கையுறைகளைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன. ஒரு விரல் கிழிந்து தொங்கியது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"எந்திரி. நாம இடம் மாத்திக்கலாம்."

பயிற்சியாளர் குதித்தார். "என்னது, அந்த டீமுக்கு நிக்கப்போறியா? வண்டி மாறி ஏறின மாதிரி இருக்கே!"

"ஆறு கோல் போட்டு ஜெயிச்சாச்சே சார். ஜெயிச்ச பிறகும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

"பின்ன?"

"நாளைக்கு ஒரு பெரிய டீம் வந்து அடிச்சா எனக்குப் பிடிக்கத் தெரியாது. கொக்கைத் தவிர இங்க யாருக்கும் எதுவும் தெரியாது. எப்பவும் முன்னாடி போ, முன்னாடி போங்கிறீங்க. பின்னாடியும் ஆள் இருக்கோம் சார்."

பயிற்சியாளர் திரும்பி, ஆளில்லாத அந்தக் கோலைப் பார்த்தார். பேருந்தில் பின்படியைப் பார்க்காமல் அவர் ஒருநாளும் விசில் கொடுத்ததில்லை.

நடுவராக நின்ற பால்காரர் சிரித்தார். "அடிச்ச ஆறு ஆறாவே இருக்கட்டும். இனிமே அடிக்கிறது கணக்குல வேணாம். ஆடட்டும் விடுங்க."

"சரி, போ. இன்னிக்கு மட்டும்."

முதல் பந்து பூட்டின் காதோரம் 'விர்'ரென்று போனது. அடுத்தது கால் இடுக்கில் நுழைந்தது.

"டோய், பூட்டு உடைஞ்சு போச்சு!" அவளுடைய அணிக்காரர்களே சிரித்தார்கள்.

அவளுக்குக் கண் கலங்கியது. இங்கேயும் அவள் தனிதான். கம்பத்தைப் பார்த்தாள். இதுவும் பேசவில்லை.

கொக்கு மறுபடியும் ஓடிவந்தான். பூட்டு அவன் காலைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். ஆளில்லாத முனையில் நின்றுகொண்டு இத்தனை மாதமாக அவனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்! உதைக்கும் முன் எந்தத் தோள் இறங்குகிறதோ, பந்து அந்தப் பக்கம்தான் போகும்.

இடது தோள் இறங்கியது. பூட்டு அந்தப் பக்கம் பாய்ந்தாள்.

பளார்! பந்து உள்ளங்கையில் அறைந்து நின்றது. சரியான வலி. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

"எப்படிடீ பிடிச்ச?" கொக்கு வாயைப் பிளந்தான்.

"சொல்ல மாட்டேன்."

அந்தக் கோடியிலிருந்து சுண்டுவின் குரல் வந்தது. "அக்கா! இங்க யாருமே வரல! போரடிக்குது!"

"கம்பத்தோட பேசு! நல்லாக் கேட்டுக்கும்!"

பூட்டு பந்தை ஓங்கி உதைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பையனுக்கு உருட்டிவிட்டாள். அவன் இன்னொருவனுக்குத் தட்டினான். பந்து கால் மாறிக் கால் மாறி அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி உதையில் பலமே இல்லை. சுண்டு அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டான். விடவே மாட்டேன் என்றான்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். "அடுத்த பயிற்சிக்கு எல்லாரும் எல்லா இடத்துலயும் நிக்கணும். கொக்கு, நீ கோல்ல நில்லு. பூட்டு, நீ முன்னாடி."

"கோல்லயா? அங்க என் தலை இடிக்குமே சார்!"

"குனிஞ்சு நில்லு."

பூட்டு தனியாகத்தான் வீட்டுக்கு நடந்தாள். அப்பா தூங்கியிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. கையுறைகளை அவருடைய சாப்பாட்டு டப்பாவின் பக்கத்தில் வைத்தாள். உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்தாள்.

காலையில் கண் விழித்தபோது அப்பா போயிருந்தார். டப்பாவும் போயிருந்தது. அவளுடைய கையுறை ஒன்றின்மேல் அப்பாவின் பழைய வேலைக் கையுறை ஒன்று இருந்தது. உள்ளங்கை தேய்ந்து ஓட்டையான கையுறை. இரண்டும் கை குலுக்குவதுபோல் விரல் கோத்துக் கிடந்தன.