ஏழாம் அறையின் பெட்பேன்

கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த பெட்பேன், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வைக்கும் மலத்தட்டு, சூடாக இருந்தது. காலையில் கழுவியது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியின் சூடு. பணிப்பெண் தோருன் அதைத் தூக்கிப் பார்த்தாள். காலிதான்.

மதியம் இரண்டரை. வடக்கு நார்வேயின் டிசம்பரில் அந்நேரமே கும்மிருட்டு. முதியோர் இல்லத்து நடையில் வெந்த மீன் வாசனையும் கிருமிநாசினி நெடியும் கலந்து அடிக்க, வெளியே காற்று ஒவ்வொரு சன்னலாகத் தட்டிக்கொண்டே போனது. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

காலையில் ஏழாம் அறைக் கிழவர் ஹால்ஃப்டானுக்குப் பெட்பேன் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனவள், அவரை மறந்தே போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அதன்மேலேயே செத்துக் கிடந்தார். பெட்பேனை உருவிக் கழுவி வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போகும். அதைவிட, அவர் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? வழக்கப்படி உயிர் வெளியேறச் சன்னலைத் திறந்தாள். குளிர் தாங்காமல் உடனே சாத்தினாள்.

"தோருன், ஏழாம் ரூம்ல மணி அடிக்குது பாரு!" கோட்டை மாட்டியபடி போர்கில்ட் கத்தினாள். அவளும் பணிப்பெண்தான்; ஷிஃப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அங்க யாருடீ இருக்கா? உடம்பத்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"அப்ப வயர் கோளாறு. நீயே போய் அணைச்சிடு தாயே, எனக்குக் காலு கழண்டு விழுது."

அறைக்குள் போனால்தான் அணைக்க முடியும். பெட்பேன் கையிலேயே இருந்தது. விரிப்பு மாற்றிய கட்டில். மூடிய சன்னல். போகாத மூத்திர வாடை.

போர்வை மெல்ல உயர்ந்தது.

இரண்டு முழங்கால்கள். தினமும் அவர் மடக்கிக் காத்திருக்கும் அதே உயரம்.

ஓடியிருக்கலாம். பயத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது. பதினோரு வருஷத்துக் கைப்பழக்கம் முந்திக்கொண்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு." பெட்பேனைப் போர்வைக்குள் நுழைத்தாள்.

எடை இறங்கியது. கையின்மேல்.

இழுத்தாள். வரவில்லை.

"மன்னிச்சிடுங்க ஹால்ஃப்டான். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

எடை கூடியது. விரலொன்று முறிந்தது.

"நான் கெளம்பறேன், தோருன்!" வாசற்கதவு சாத்திக்கொண்டது.

"அவசரமில்ல பொண்ணே," என்றது கட்டில். "எனக்கு இன்னும் ஆகல."

தலையணையில் விழுந்திருந்த பள்ளம் அவள் பக்கம் திரும்பியது.